மார்க்காக உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

இப்போதெல்லாம் ஓசூர்ப் பக்கம் யாரைப் பார்த்தாலும் கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. பேர் என்ன என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். டீக்கடையில் கொஞ்சம் தள்ளி நில்லப்பா என்றால், அது என் டிபார்ட்மென்ட் இல்லை என்பதுபோலப் பார்க்கிறார்கள். மாட்டுக்கு மணி கட்டினால் அது எங்கே மேய்கிறது என்றாவது தெரியும். இவர்களுக்கு அட்டை கட்டின பிறகு உள்ளே இருந்த ஆள் எங்கே போனான் என்றே தெரிவதில்லை. வாரம் முழுக்கக் கம்பெனியில் அட்டையோடு திரிந்தது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு அட்டை செய்து மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டார்கள். என்னையும் இறக்கினார்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே மல்லப்பன் ஏரி. அந்தாண்டைக் கரை கர்நாடகம். மேலே எங்கிருந்தோ வருகிற தண்ணீரோடு நுரையும் வந்து ஏரியில் நிற்கும். சில நாள் ஆள் உயரம் இருக்கும். ஆடு அதில் வாய் வைக்காது. அந்த ஏரிக்கரையில் ‘பார்டர் ராயல் யாட் கிளப்’ என்று பலகை நட்டார்கள். யாட் என்றால் பாய் கட்டின படகு. ராயல் என்றால் எந்த ராஜா என்று கேட்டேன். “ராஜா எல்லாம் கிடையாது பெரியவரே, அது கிளப் பேருக்கு முன்னாடி வர்றது” என்றார்கள். எனக்கு அப்போதே சந்தேகம்.

என் மருமகள் ரேவதி ஒரு கம்பெனியில் ஒயர் கோக்கிற வேலை பார்க்கிறாள். மகன் லாரியில் போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகள் இரண்டு. அவளுக்குப் பகல் ஷிப்ட் இருப்பதால்தான் எங்கள் வீட்டில் ராத்திரி எல்லாரும் தூங்குகிறோம். அந்தக் கம்பெனியில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று முடிவு செய்கிறவர் மாதேஸ்வரன் சார். கிளப்பில் போட்டி நடத்துகிறவரும் அவரேதான்.

போட்டி என்பது இதுதான். தண்ணீரில் அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் பெரிய பலூன் போட்டு நங்கூரம் கட்டுவார்கள். அதற்கு மார்க் என்று பேர். படகெல்லாம் அந்த மார்க்குகளைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். போன வருஷம் போட்டு வைத்த மார்க்குகளை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்று மாந்தோப்பில் கிளி விரட்டத் தொங்கிக்கொண்டிருந்ததாம். இன்னொன்றைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒருவன் ஆட்டோடு சேர்த்து விலை பேசிக்கொண்டிருந்தானாம். அதனால் இந்த சீசனுக்குக் காவல் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

“மாமா, ஒரு பலூனைப் பாத்துக்கிட்டு உக்காரணுமாம், வேற ஒண்ணும் இல்ல” என்று ரேவதி சொன்னாள். “சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. முடியாதுன்னு எப்படி சொல்றது.”

“பலூன் எங்க இருக்கும்?”

“ஏரியில.”

“நான் எங்க இருப்பன்?”

“கரையிலதான் மாமா. தண்ணிக்குள்ளயா காவல் வெப்பாங்க?”

என் வீட்டுக்காரி கெம்பம்மா சிரித்துவிட்டாள். “குளிக்கவே சொம்புல மொண்டு பயந்து பயந்து ஊத்திக்குவ நீ. உன்னைப் போயி ஏரிக்குக் காவல் போட்டாங்களே, அவங்க எப்படித்தான் கம்பெனி நடத்தறாங்களோ.”

அவள் சொன்னது உண்மை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். பையனாக இருந்தபோது இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளினார்கள். மோட்டார் பைப்பைப் பிடித்து ஏறி ஓடினவன், அதற்கப்புறம் கிணற்று மேட்டுக்கே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீசன் தொடக்க விழா. பந்தல், மைக், தொப்பி போட்ட ஆட்கள். கம்பெனிப் பெண்களை வரவழைத்து டீ கொடுக்க நிறுத்தியிருந்தார்கள். ரேவதியும் நின்றாள். எனக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள். ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, கையில்லாமல், மினுங்குகிற பட்டை வைத்து, அது. “இது மிதக்குமா?” என்று கேட்டேன். மிதக்கிற சட்டை படகு ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள்.

படகுகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, புது லாரிக்கு வைப்பதுபோல முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். படகுக்குச் சக்கரம் இல்லை. பழத்தை எப்படி நசுக்குவது என்று ஒரு பேச்சு நடந்தது. கடைசியில் நாலு நாலு பேராகப் படகைத் தூக்கிப் பழத்தின்மேல் வைத்தார்கள். ஒரு பழம் நசுங்காமல் உருண்டு ஏரிக்குள் போய்விட்டது. அந்தப் படகு கிளம்பியதாகக் கணக்கா இல்லையா என்று ஆராய மூன்று பேர் கமிட்டி போட்டார்கள்.

கிளப்புக்குத் தலைவர் ஹரீஷ்குமார். கமடோர் என்று கூப்பிட வேண்டும். வெள்ளை உடுப்பு, தோளில் தங்கப் பட்டை. அவர் படகில் ஏறி யாரும் பார்த்ததில்லை. மைக்கைப் பிடித்தார்.

“நமக்குக் கடல் இல்லைன்னு சிலர் கேலி பண்றாங்க. கடல் இல்லை, ஒத்துக்கறேன். நுரை இருக்கு. எந்தக் கடல்ல இவ்வளவு நுரை இருக்கு? போன சீசன்ல ஒரு ரேஸ்கூட முடியலை. காத்து வரலை. ஆனா ஒரு ரூலைக்கூட நாம மீறலை. அதுதான் நமக்குப் பெருமை. மனுஷன் இன்னிக்கு இருப்பான், நாளைக்குப் போவான். ரூல் நிக்கணும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். மனுஷன் போவான் என்கிறபோது அவர் என் பக்கம் பார்த்ததுபோல இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. நான் காவல் காக்க வேண்டிய பலூனுக்குக் காற்று அடித்தார்கள். கிடங்கில் எலி கடித்திருந்தது போலிருக்கிறது, டமார் என்று கிழிந்து போனது. மார்க் ஒன்று குறைந்தால் போட்டி செல்லாது. போட்டி நடக்காவிட்டால் சீசன் திறக்காது. மாதேஸ்வரன் சார் தடிமனான ரூல் புத்தகத்தைப் புரட்டினார். மார்க் இல்லாமல் போனால் அதே போலத் தோற்றமுள்ள வேறு பொருளைப் போடலாம் என்று இருந்ததாம். தலையைத் தூக்கினவர் என்னைப் பார்த்தார்.

“கலர் சரியா இருக்கு” என்றார்.

கமடோர் தூரமாகப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். “வட்டமா இல்லையே.”

“பரிசல்ல உக்கார வெச்சிடலாம் சார். பரிசல் வட்டம்.” கரையில் மீன் பிடிக்கிறவர்களின் பிளாஸ்டிக் பரிசல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

“மிதக்குமா?”

“பரிசல் மிதக்கும் சார்.”

“ஆள்?”

“ஆளைப் பத்திப் புத்தகத்துல ஒண்ணும் போடலை சார்.”

“சார், எனக்கு நீச்சல் தெரியாது” என்றேன்.

“மார்க்குக்கு நீச்சல் தெரியவே கூடாது பெரியவரே. நீங்க நீந்திப் போயிட்டா நாங்க எதைச் சுத்தறது?”

ரேவதி டீத்தட்டோடு ஓடி வந்தாள். “சார், கரையிலன்னுதானே சொன்னீங்க. மாமாவுக்குத் தண்ணின்னா பயம் சார்.”

மாதேஸ்வரன் சார் கோபப்படவில்லை. “ரேவதி, நீ எந்த ஷிப்ட்?”

“பகல் சார்.”

“நல்ல ஷிப்ட்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றேன். படகுக்கெல்லாம் செய்தாயிற்று, மார்க்குக்கும் செய்யுங்கள் என்று யாரோ சொன்னார்கள். என் கழுத்தில் மாலை விழுந்தது. நெற்றியில் குங்குமம். கையில் ஒரு எலுமிச்சம்பழம். பிறகு சொம்பில் இருந்து தண்ணீர் தெளித்தார்கள். மாலை போட்டுத் தண்ணீர் தெளித்தால் அடுத்தது என்ன என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆடு உடம்பை உதறினால் சம்மதம் என்று அர்த்தம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். உடம்பு கேட்கவில்லை. தலையில் இருந்து கால் வரைக்கும் ஒரு உதறல் உதறியது.

“ரெடி” என்றார் கமடோர்.

காப்பாற்றுகிற மோட்டார் படகு ஒன்று இருந்தது. ஓட்டுகிறவர் மாடசாமி, தூத்துக்குடிப் பக்கத்து ஆள். என் பரிசலைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் நடு ஏரியில் கல்லைக் கட்டி இறக்கினார். “பயப்படாதீக அய்யா, நா இங்கனதான் சுத்திக்கிட்டு இருப்பேன்” என்று சொல்லிவிட்டு டுர்ரென்று தூரமாகப் போய்விட்டார்.

ஏரியைக் கரையில் இருந்து பார்த்தால் ஒரு அளவு இருக்கிறது. நடுவில் உட்கார்ந்தால் அளவே கிடையாது. கண்ணைத் திறந்தால் நாலு பக்கமும் தண்ணீர். மூடினால் அடியில் இருக்கிற தண்ணீர் ஞாபகத்துக்கு வருகிறது. நான் அசைந்தால் பரிசல் சுற்றுகிறது. அசையாமல் இருந்தாலும் சுற்றுகிறது. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழம் மடியில் கிடந்தது.

கரையில் ஹாரன் ஊதினார்கள். ஒரு கொடி ஏறியது, ஒரு கொடி இறங்கியது. எதிரில் வெள்ளைப் பாய்கள் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து என்னை நோக்கி வந்தன. எதைச் சுற்ற வேண்டுமோ அதை நோக்கித்தானே எல்லாரும் வருவார்கள். இது எனக்கு முன்னாடியே தோன்றியிருக்க வேண்டும்.

முதல் படகு ஒரு முழம் தள்ளிப் போனது. பாயைத் தாங்குகிற நீளக் கம்பி என் தலைக்கு மேல் விசிறிக்கொண்டு திரும்பியது. குனிந்தேன்.

“மார்க் குனியக் கூடாது” என்று கரையில் இருந்து மாதேஸ்வரன் சாரின் மெகாபோன் கேட்டது.

இரண்டாவது படகில் இருந்தவர் ஒரு கையால் போனைத் தூக்கி என்னோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். எடுக்கிற மும்முரத்தில் படகு என் பரிசலில் மோதியது. டக்கென்று ஒரு சத்தம். “சாரி” என்றார். என்னிடம் இல்லை, மெகாபோனைப் பார்த்துச் சொன்னார். மார்க்கைத் தொட்டால் தண்டனை உண்டாம். அதே இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அவர் சுற்றினார். அந்தச் சுற்றில் கிளம்பிய தண்ணீர் முழுக்க என் பரிசலுக்குள் வந்தது. என்னை இடித்தவருக்கு இதுதான் தண்டனை.

மோதின இடத்தில் பரிசல் விரிசல் விட்டிருந்தது. கால் விரல் நனைந்தது. பிறகு பாதம். நான் குரல் கொடுத்தேன். மாடசாமி மோட்டாரை மெதுவாக்கிக்கொண்டு வந்தார்.

“தண்ணி உள்ள வருது சாமி. என்னை ஏத்திக்க.”

அவர் தலையைச் சொறிந்தார். “ஏத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காகய்யா. போட்டியில இருக்கவுக விழுந்தாத்தான் தூக்கணும். நீங்க சாமான் கணக்குல வாரீக.”

“நான் சாமானாப்பா?”

“எனக்குத் தெரியுது நீங்க ஆளுன்னு. ஆனா சாமான்னு என் படகுல எழுதி ஒட்டியிருக்காகளே. ஒரு நிமிசம், கேட்டுப் பாக்கேன்.” கரையைப் பார்த்துக் கத்தினார். பதில் மெகாபோனில் வந்தது.

“பெரியவரே, ரேஸ் நடக்கும்போது மார்க்கை எடுத்தா ரேஸ் செல்லாது. மார்க் காணாமப் போனாத்தான் நிறுத்த முடியும். நீங்க இன்னும் காணாமப் போகலை. நல்லாத் தெரியறீங்க.”

“முழுகிடுவன் சார்.”

“முழுகறதுன்னா முழுசா முழுகணும். பாதி முழுகினா அது மார்க்தான்.”

மாடசாமி என் முகத்தைப் பார்க்காமல் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த நேரத்தில் நுரை வந்தது. பெரிய வெள்ளை மெத்தை ஒன்று நாற்றத்தோடு மிதந்து வந்து என்மேல் ஏறியது. வாயில், மூக்கில் எல்லாம் நுரை. மெகாபோன் கூப்பிட்டது. “மார்க், தெரியலை. கையைத் தூக்குங்க.” ஒரு கையைத் தூக்கினேன். பக்கத்தில் போன படகுக்காரர் ஒருவர் சிவப்புத் துணி கட்டி ஆட்சேபம் தெரிவித்தார். மார்க்கின் உருவம் நடுவில் மாறுகிறதாம். கையை இறக்கச் சொன்னார்கள். தண்ணீர் முட்டிக்கு வந்திருந்தது. மடியில் இருந்த எலுமிச்சம்பழம் எழும்பி என் முன்னால் மிதந்தது. அதற்கு மிதக்கத் தெரிந்திருந்தது.

கெம்பம்மா ராத்திரிக்குக் களி கிண்டி வைத்திருப்பாள், எனக்கென்று தனியாக ஒரு உருண்டை எடுத்து வைப்பாள் என்று நினைத்தேன். சாகிறபோது அப்படித்தான் நினைப்பு வரும்போலிருக்கிறது.

நுரையைக் கிழித்துக்கொண்டு ஏழாம் எண் படகு வந்தது. ஒரு பெண் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஏதோ கம்பெனியில் இன்ஜினியர், சுசித்ரா என்று பேர். கடைசிச் சுற்றில் மற்ற எல்லாரையும்விட முன்னால் இருந்தாள். என்னைத் தாண்டிவிட்டால் ஜெயித்த மாதிரிதான்.

“தாத்தா, தண்ணி எவ்ளோ ஏறிடுச்சு. அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னன்மா. முழுசா முழுகினாப் பாக்கலாம்ன்றாங்க.”

அவள் கரையை ஒரு தடவை பார்த்தாள். பாயைத் தளர்த்திவிட்டு என் சட்டைப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் படகில் மூட்டை மாதிரி விழுந்தேன். என் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து, எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே போனது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏழாம் எண் படகு” என்றது மெகாபோன். “மார்க்கைத் தொட்டிருக்கீங்க. ஒரு சுத்து சுத்திட்டு, மார்க்கைச் சுத்திப் போங்க.”

“மார்க் என் படகுல இருக்கு சார். மார்க்கை ஏத்திக்கிட்டு மார்க்கை எப்படி சுத்தறது?”

மெகாபோனில் புத்தகம் புரட்டும் சத்தம் கேட்டது. ஆனால் மற்ற படகுக்காரர்கள் காத்திருக்கவில்லை. மார்க்கைச் சுற்றாமல் யாரும் கரைக்குப் போக முடியாது. மார்க் ஏழாம் எண் படகில் குந்தியிருக்கிறது. எல்லாப் படகும் எங்களைத் துரத்தின. அவள் கரையை நோக்கி ஓட்ட ஓட்ட, ஒவ்வொருத்தரும் குறுக்கே புகுந்து எங்களை ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் போனார்கள். கம்பிகள் தலைக்கு மேல் பறந்தன. நான் படகின் அடியில் படுத்துக்கொண்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். “விடுங்க தாத்தா, திருப்ப முடியலை” என்றாள். விடவில்லை.

கரை சேர்ந்ததும் ரேவதி என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. டீ கேட்டேன். விசாரணை முடிகிற வரைக்கும் மார்க் எதையும் குடிக்கக் கூடாது என்றார்கள்.

பந்தலுக்குள் விசாரணை நடந்தது. சுசித்ரா மார்க்கைத் தொட்டதோடு அதை இடத்தை விட்டு நகர்த்தியும் விட்டாள் என்பது குற்றம். “ஆபத்துல இருக்கற ஆளுக்கு உதவணும்னு உங்க ரூல்லயே முதல்ல போட்டிருக்கு சார்” என்றாள் அவள்.

“ஆளுக்கு” என்றார் மாதேஸ்வரன் சார்.

“நான் ஆபத்துலதான் இருந்தன்” என்று நான் எழுந்தேன்.

கமடோர் கையைக் காட்டினார். “நீங்க உக்காருங்க. சம்பவம் நடந்தப்ப நீங்க மார்க். மார்க் சாட்சி சொல்ல முடியாது. சொன்னா நாளைக்கு எல்லா மார்க்கும் பேச ஆரம்பிச்சிடும்.”

சுசித்ராவைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். படம் எடுத்துக்கொண்டு இடித்தாரே, அவர் முறையாக ஒரு சுற்று சுற்றினவர் என்பதால் கோப்பை அவருக்குப் போனது. சுசித்ரா அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பிறகு கமடோர் என் தோளில் கை போட்டார். “பெரியவரே, நீங்க தேவையில்லாம பயந்துட்டீங்க. உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நீங்க முழுகியிருந்தா அந்த நிமிஷமே ரேஸை நிறுத்தியிருப்போம்.”

“நிறுத்தி?”

“நிறுத்தி, அதே கலர்ல, அதே அளவுல வேற ஒண்ணைப் போட்டிருப்போம்.” அவர் கண் பந்தல் ஓரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிழவர்மேல் போய்த் திரும்பியது. “எல்லாத்துக்கும் ஏற்பாடு இருக்கு.”

மாதேஸ்வரன் சார் பக்கத்தில் வந்தார். “அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்துடுங்க. புது பலூன் வர நாளாகும். உங்களுக்கு ஒரு விசில் வாங்கித் தரச் சொல்லியிருக்கேன். ரேவதியும் நல்லா வேலை செய்யறா. பகல் ஷிப்ட்லயே இருக்கட்டும்.”

ரேவதி டீத்தட்டைக் கீழே வைத்தாள். “சார், என்னை நைட் ஷிப்ட்லயே போட்டுடுங்க” என்றாள். “மாமா, வாங்க போலாம்.”

“ஏம்மா, பிள்ளைங்க?” என்றேன்.

“ராத்திரி நீங்க பாத்துக்குவீங்க. உயிரோட இருந்தா.”

கிளம்பினோம். பின்னாலேயே கமடோர் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த ஆரஞ்சுச் சட்டையை நீங்களே வெச்சுக்கங்க பெரியவரே. அது உடம்புல இருக்கற வரைக்கும் உங்களை யாரும் தொட மாட்டாங்க. ரூல் அது.”

கரை மேல் ஏறி நடந்தால் கொஞ்ச தூரத்தில் பெங்களூர் ரோடு. இந்தாண்டையிலும் அந்தாண்டையிலும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தமிழ்நாட்டு வண்டி, கர்நாடகா வண்டி, எதுவும் நிற்கவில்லை. சட்டையில் இருந்து ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் தொட மாட்டார்கள் என்று அந்தப் பெரிய மனிதர் அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே என்று ஒரு காலை எடுத்து ரோட்டில் வைத்தேன். ஒரு டேங்கர் லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு உரசிக்கொண்டு போனது.

காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றிப் பிழிந்து, வேலி முள்ளில் மாட்டினேன். கிளி விரட்ட யாருக்காவது உதவும். ரேவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு, ரோட்டைக் கடந்து நடந்தேன்.